சர்வே எண்ணில் அடங்காத ஊர்

நாளிதழின் உள்பக்கத்தில், வங்கி ஏல அறிவிப்புக்கும் தொலைந்துபோன பத்திரத்துக்கான விளம்பரத்துக்கும் நடுவே, அவ்வப்போது ஒரு பொடி எழுத்து அறிவிப்பு வரும். இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இத்தனை ஹெக்டேர். முழுமைத் திட்டத்தில் இன்ன உபயோகப் பகுதியாக இருக்கும் இந்த நிலத்தைத் தொழிற்சாலை உபயோகப் பகுதியாக மாற்ற விண்ணப்பம் வந்திருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அந்த நிலத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களின் கண்ணில் இது படுவது அபூர்வம். பட்டாலும், அந்த எண் ஏரிக்கரையா, பள்ளிக்கூடத்துக்குப் பின்புறமா என்று தெரிந்துகொள்ளக் கையில் கிராம வரைபடம் வேண்டும். சொந்த ஊரை யாரும் சர்வே எண்ணால் அறிவதில்லை.

அந்தப் பொடி எழுத்துக்குப் பின்னால் நிற்பது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் 32-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற முழுமைத் திட்டத்தைப் பிற்பாடு திருத்த வழிவிடுகிறது. நிலத்துக்காரர் விண்ணப்பிக்கிறார், அலுவலர்கள் வந்து இடத்தைப் பார்க்கிறார்கள், அறிவிப்பு வெளியாகிறது, தொழில்நுட்பக் குழு பரிசீலிக்கிறது, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் முடிவெடுக்கிறது. சி.எம்.டி.ஏ. என்றே எல்லோரும் சொல்லும் அந்தக் குழுமம் 1970-களின் முற்பாதியில் உருவானது. இப்போது நடப்பில் இருக்கும் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் அறிவிக்கையானது; 2026 வரைக்கும் பார்த்து எழுதப்பட்டது.

அந்தத் திட்டத்தில் நிலத்துக்கு வண்ணங்கள் உண்டு: ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, அபாயகரமான தொழிற்சாலை, நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று. இவை நிலம் இன்று எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வதாகவே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அந்த நிலத்தில் நாளை எது வரலாம், எது வரக்கூடாது என்பதைத்தான் வண்ணம் சொல்கிறது. வீடே இல்லாத முள்ளுக்காடு குடியிருப்பாக இருக்கலாம். நெல் விளையும் வயல் தொழிற்சாலையாக இருக்கலாம். வருவாய்த் துறைக்கு அதே நிலத்துக்கு வேறு பெயர். ‘அ’ பதிவேட்டிலும் அடங்கலிலும் அது நஞ்சை, புஞ்சை, மேய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதை. ஊர்க்காரர்களுக்கோ மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கும்: களத்துமேடு, ஏரி உள்வாய், மாடு மேயும் திடல். ஒரு நிலத்துக்கு மூன்று பெயர் இருப்பதில் தவறில்லை. மாற்றம் பற்றிய முடிவு ஒரே ஒரு பெயரை மட்டும் படித்துவிட்டு எடுக்கப்படுவதுதான் சிக்கல்.

இதை ஓர் ஊரை வைத்துப் பார்க்க வேண்டுமானால் பூந்தமல்லிக்கு மேற்கே குத்தம்பாக்கம் போக வேண்டும். பெங்களூரு நெடுஞ்சாலையில் திருமழிசையைத் தாண்டினால், செம்பரம்பாக்கம் ஏரிக்கு வடமேற்கில் இருக்கும் கிராமம். திருவள்ளூர் மாவட்டம், சென்னைப் பெருநகரின் மேற்கு விளிம்பு. தமிழ்நாட்டில் ஊராட்சி நிர்வாகத்தைப் பற்றிப் பேசும் யாரும் இந்த ஊரின் பெயரைச் சொல்லாமல் போவதில்லை. காரணம் இளங்கோ ரங்கசாமி. இதே ஊரில் பட்டியல் சாதிக் குடும்பமொன்றில் பிறந்து, வேதிப் பொறியியல் படித்து, மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு, 1996-இல் ஊராட்சித் தலைவரானவர். இரண்டு முறை, பத்து ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அவர் காலத்தில் இங்கே கட்டிய சமத்துவபுரம் அரசின் பொது வார்ப்பிலிருந்து சற்று விலகியது. ஒரு சுவரைப் பொதுவாக வைத்த இரட்டை வீடுகள். சுவருக்கு இந்தப் பக்கம் பட்டியல் சாதிக் குடும்பம், அந்தப் பக்கம் பிற சாதிக் குடும்பம். கட்டுமானத்துக்கு உள்ளூர் மண்ணையே அழுத்திக் கட்டியாக்கிப் பயன்படுத்தினார்கள். நம் பேச்சுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. குடியிருப்பு நிலத்தை எப்படி அடுக்குவது, யார் பக்கத்தில் யார் வாழ்வது என்பதையும், சாதிவாரியாகப் பிரிந்து கிடந்த ஊரின் வரைபடத்தைத் திருத்தி வரைவதையும் ஒரு கிராமம் தானே யோசித்துச் செய்திருக்கிறது. நில வகைப்பாடு என்றால் என்னவென்று இந்த ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

தொழில் வேண்டாம் என்று சொன்ன ஊரும் இது இல்லை. ஜே.சி. குமரப்பாவின் சிந்தனை வழியில், சுற்றியுள்ள கிராமங்கள் தங்களுக்குள் உற்பத்தி செய்து பரிமாறிக்கொள்ளும் வலைப்பின்னல் பொருளாதாரத்தைப் பற்றி இளங்கோ தொடர்ந்து பேசிவருகிறார். பருப்பு உடைப்பது, எண்ணெய் ஆட்டுவது, சோப்பு செய்வது, கட்டுமானக் கல் அறுப்பது என ஊருக்குள்ளேயே செய்யக்கூடிய தொழில்கள். ஊரில் தொழில் இருப்பதும் ஊர்மேல் தொழில் வந்து விழுவதும் வேறு வேறு என்ற தெளிவு இங்கே இருந்தது. இந்த வேறுபாட்டுக்கு முழுமைத் திட்டத்தில் வண்ணம் கிடையாது. ‘தொழிற்சாலை’ என்ற ஒரே சொல்லுக்குள் எண்ணெய்ச் செக்கும் வரும், வார்ப்படச் சாலையும் வரும். இதைக் கொஞ்சம் பிரித்துக் காட்டுவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை வரிசைதான். 2016-இல் மத்திய வாரியம் கொண்டுவந்த முறைப்படி, மாசுக் குறியீடு 60-ம் அதற்கு மேலும் இருந்தால் சிவப்பு என்றிருந்தது. 20-க்குள் இருந்தால் வெள்ளை என்றிருந்தது. ஆனால் அது நிலத்தின் வண்ணமன்று, ஆலையின் வண்ணம். வகைப்பாடு ஒருமுறை தொழிற்சாலை என்று மாறிவிட்டால் இன்று பச்சை ஆலைக்காக மாற்றிய நிலத்தில் நாளை ஆரஞ்சு ஆலைக்கு விண்ணப்பிக்கலாம். நில உபயோகம் அதற்குத் தடையாக நிற்காது.

இளங்கோவின் காலத்துக்குப் பிறகு ஊருக்கு வந்த பெரிய சோதனை, குப்பை. 2000-களின் இறுதியில், சென்னையின் திடக்கழிவைக் கொண்டுவந்து கையாளும் இடங்களில் ஒன்றாகக் குத்தம்பாக்கத்தின் மேய்க்கால் நிலம் தேர்வானது. மேய்க்கால் புறம்போக்கு என்றால் காகிதத்தில் அரசு நிலம். யாருடைய பட்டாவும் இல்லை. இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை. நகரத்தின் கோணத்தில் இதைவிட வசதியான நிலம் கிடைக்காது. ஊரின் கோணத்தில் அது மாட்டுக்கு மேய்ச்சல், மழைக்கு வடிகால், ஏரிக்குப் போகும் நீரின் வழி. ஊர் திரண்டு எதிர்த்தது. விவகாரம் நீதிமன்றத்துக்கும் போனது. சென்னையின் குப்பை இன்றும் பெருமளவுக்குப் பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்குமே போகிறது. ஊர்ப் பொதுநிலத்தை மற்ற காரியங்களுக்கு எடுத்துக்கொள்வது பற்றி உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் கடுமையாகப் பேசியது. ஆக்கிரமிப்புகளை அகற்றிக் கிராமத்தின் பொதுப் பயன்பாட்டுக்குத் திருப்பித் தர எல்லா மாநில அரசுகளும் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு தனியார் ஆக்கிரமிப்பாளர்களை நோக்கிச் சொல்லப்பட்டது. அரசே வேறொரு காரியத்துக்கு எடுக்கும்போது என்ன செய்வது என்பது இன்னும் ஊர்களின் தலையில்தான் இருக்கிறது.

குப்பைக் கதையை விடவும் சிக்கலான கதை வீட்டுநிலத்தினுடையது. 2011-இல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா, திருமழிசைக்கு அருகே ஒரு துணைக்கோள் நகரம் அமைக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். செம்பரம்பாக்கம், பர்வதராஜபுரம், குத்தம்பாக்கம், நரசிங்கபுரம், வெள்ளவேடு ஆகிய கிராமங்களில் 311 ஏக்கர். செலவு 2,160 கோடி ரூபாய். பொறுப்பு வீட்டுவசதி வாரியத்துக்கு. வீட்டுக்கென்று அரசு வைத்திருந்த நிலம் அது. அறிவித்த வேகத்தில் நகரம் எழவில்லை. ஆண்டுகள் போயின.

2020 மே மாதம், கொரோனா பரவலால் கோயம்பேடு மொத்தச் சந்தை மூடப்பட்டது. நகரத்துக்குக் காய்கறி வர வேண்டும். ஒரே வாரத்துக்குள் துணைக்கோள் நகர நிலத்தில் ஏறத்தாழ 200 கடைகளுக்குக் கொட்டகை போட்டு மொத்தச் சந்தை தொடங்கியது. நூற்றுக்கணக்கில் லாரிகள், சேறு, அழுகிய தக்காளி. செப்டம்பர் இறுதியில் சந்தை கோயம்பேட்டுக்குத் திரும்பியது. நெருக்கடிக் காலத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. நானும் அந்தக் காய்கறியைத்தான் தின்றேன். ஆனால் அந்த நான்கரை மாதம் ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. வீட்டுவசதிக்கு ஒதுக்கிய நிலம் எந்த அறிவிப்பும் இன்றி நகரத்தின் சரக்கு முற்றமாகிவிட முடியும். அதற்குச் சில நாட்கள் போதும்.

அதன் பிறகு அதே வீட்டுவசதி வாரிய நிலத்தில் ஏறத்தாழ 25 ஏக்கரில் புறநகர்ப் பேருந்து முனையம் கட்டும் வேலையைச் சி.எம்.டி.ஏ. எடுத்துக்கொண்டது. கோயம்பேட்டைக் கலைத்து, வடக்கே போகும் பேருந்துகளுக்கு மாதவரம், தெற்கே போகிறவற்றுக்குக் கிளாம்பாக்கம், மேற்கே வேலூர், பெங்களூரு போகிறவற்றுக்குக் குத்தம்பாக்கம் என்று பிரித்த திட்டத்தின் பகுதி அது. பேருந்து முனையம் தொழிற்சாலை இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவு முழுக்க எரியும் விளக்கும், டீசல் நெடியும், பணிமனைச் சத்தமும், சாலையோரம் முளைக்கும் பட்டறையும் தொழிற்பேட்டையிலிருந்து எவ்வளவு தூரம்? முனையம் வந்த இடத்தைச் சுற்றி மனை விலை ஏறும். விலை ஏறிய மனையில் வீடு கட்டுவதைவிடக் கிடங்கு போட்டு வாடகைக்கு விடுவதில் வருமானம் அதிகம். அப்புறம் அந்தப் பொடி எழுத்து அறிவிப்புகள் வரும். பொதுத் திட்டம் ஒன்று முதலில் ஊரின் நடையை மாற்றுகிறது. தனியார் விண்ணப்பங்கள் அதைக் காரணமாகக் காட்டிப் பின்னால் வருகின்றன. “சுற்றிலும் ஏற்கெனவே மாறிவிட்டது” என்பதே அடுத்த மாற்றத்துக்குச் சொல்லப்படும் நியாயம்.

சென்னையின் மேற்கில் இந்த ஓட்டத்துக்கு ஒரு திசை இருக்கிறது. கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல் வந்தபோது அது ஊருக்கு வெளியே. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தபோது அவையும் ஊருக்கு வெளியே. பிறகு நகரம் அவற்றைச் சூழ்ந்தது. நகரத்துக்குள் ஆலை நிலத்தின் மதிப்பு, ஆலையின் மதிப்பைத் தாண்டியது. 1921-இன் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பெயர்போன பெரம்பூர்ப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. அம்பத்தூர்ப் பேட்டைக்குள் கடைசல் பட்டறைகளின் நடுவே கண்ணாடிச் சுவர் அலுவலகங்கள். ஆக, நடுவில் தொழில்நிலம் வீடாகிறது. அங்கிருந்து கிளம்பிய தொழிலுக்காக விளிம்பில் வீட்டுநிலமும் வயலும் தொழில்நிலமாகின்றன. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின், மாநிலத்துக்கு மாநிலம் சிறு கிடங்கு வைத்திருந்த நிறுவனங்கள் பெருநகரங்களை ஒட்டிப் பெரிய கிடங்குகளுக்கு மாறத் தொடங்கின. திருப்பெரும்புதூர்ப் பக்கமும் பூந்தமல்லிக்கு மேற்கேயும் தகரக் கூரைகள் வரிசை கட்டியதில் அதற்குப் பங்கு உண்டு. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை பெங்களூரு நெடுஞ்சாலையைக் குறுக்கிடும் இடம் இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். பூந்தமல்லிவரை வரும் மெட்ரோ ரயிலைத் திருமழிசை வழியாகப் பரந்தூருக்கு நீட்டும் திட்டமும் பேச்சில் இருக்கிறது.

தகரக் கூரையைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அத்தனை பரப்புள்ள கூரையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 4 லட்சம் லிட்டருக்கு மேல். வயலாகவோ மேய்க்காலாகவோ இருந்தால் அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் போகும், மிச்சம் மெதுவாக வாய்க்காலைச் சேரும். கூரையில் விழுந்ததும் சிமெண்ட் தளத்தில் விழுந்ததும் உடனே ஓடும். எங்கே ஓடும்? குத்தம்பாக்கத்தைச் சுற்றியுள்ள நிலம் ஏரிச் சங்கிலியின் ஒரு கண்ணி. கூவத்தில் கொரட்டூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கத்துக்கு நீர் வரும் நாடு இது. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, ஆழம் 24 அடி. சென்னையின் குடிநீர் ஆதாரங்களில் முதல் வரிசையில் நிற்பது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அதன் மதகுகளிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டதையும், மறுநாள் அடையாற்றின் இரு கரையும் எப்படி இருந்தது என்பதையும் சென்னைவாசிகளுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

நீர்நிலைகளுக்கு அருகே கடும் மாசு உண்டாக்கும் ஆலைகள் கூடாது என்று 1989-லேயே தமிழக அரசு ஆணையிட்டிருக்கிறது. ஆற்றிலிருந்தும் நீர்த்தேக்கத்திலிருந்தும் ஒரு கிலோமீட்டர் என்று அது எல்லை வகுத்தது. நல்ல ஆணை. ஆனால் அது ஆலையின் கழிவைத்தான் பார்க்கிறது. கூரையின் பரப்பை அது பார்ப்பதில்லை. ஒரு புகை, ஒரு சொட்டு சாயம் வெளியே விடாத கிடங்குகூட நூறு ஏக்கரில் வந்தால் ஏரிக்கு வரும் நீரின் வேகத்தை மாற்றிவிடும். தனியாக ஒரு கிடங்கு மாற்றாது. ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியாக வருவதால், ஒவ்வொன்றுக்கும் “பாதிப்பு பெரிதாக இல்லை” என்ற பதில் ஒவ்வொரு முறையும் சரியாகவே இருக்கும். கூட்டினால் வரும் தொகை எந்தக் கோப்பிலும் இல்லை. என்னைக் கேட்டால் இந்தப் பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஊழலைப் பற்றியோ அலட்சியத்தைப் பற்றியோ பேசுவதற்கு முன்பே பேச வேண்டிய முடிச்சு. கோப்புகள் எல்லாம் ஒழுங்காக நகர்ந்தாலும், யாரும் முடிவெடுக்காமலேயே ஓர் ஊர் வேறு ஊராகிவிடும்.

நில உபயோகத்தைப் பிரிப்பது சட்டப்படி செல்லும் என்று அழுத்திச் சொன்னது 1926-ஆம் ஆண்டின் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஓஹையோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற சிற்றூர். ஆம்ப்ளர் என்ற மனை நிறுவனம் அங்கே 68 ஏக்கரைத் தொழிற்சாலைகளுக்கு விற்கலாம் என்று வைத்திருந்தது. ஊர் அதில் ஒரு பகுதியை வீடுகளுக்கென்று வகைப்படுத்திவிட்டது. ஊரின் பக்கம் தீர்ப்பானது. இன்று உலகெங்கும் நகரமைப்பு மாணவர்கள் படிக்கும் பாடம் அது. பாடத்தில் பலரும் சொல்லாமல் விடும் பின்கதை ஒன்று உண்டு: அந்த நிலம் பல ஆண்டுகள் சும்மா கிடந்தது, பிறகு இரண்டாம் உலகப் போரின் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆலை அங்கே எழுந்தது. வழக்கில் வென்ற வகைப்பாடு போரில் தோற்றது.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் டெல்லி. அங்கே குடியிருப்புப் பகுதிகளுக்குள் ஆயிரக்கணக்கான பட்டறைகள் வளர்ந்திருந்தன. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் 168 அபாயகரமான ஆலைகளை நகரத்தைவிட்டு அகற்ற உத்தரவிட்டது. அடுத்து வந்த கேள்வி: பத்தில் ஏழு மனைகளில் பட்டறை ஓடும் தெருக்களைத் தொழிற்பகுதி என்றே அறிவித்துவிட்டால் என்ன? அரசு அப்படித்தான் யோசித்தது. 2004 மே மாதத் தீர்ப்பில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2007-இல் வந்த டெல்லியின் முழுமைத் திட்டமோ அதே 70 விழுக்காட்டு அளவுகோலை வைத்து அந்தத் தெருக்களுக்கு வழி திறந்தது. நீதிமன்றம் அடைத்த கதவைத் திட்டம் திறந்தது என்று சிலர் கோபப்பட்டார்கள். அந்தப் பட்டறைகளில் கூலி வாங்கிப் பிழைத்தவர்கள் கோபப்படவில்லை. குடியிருப்பைத் தொழிற்பகுதியாக்குவது எல்லா நேரமும் அநியாயம் என்று எழுதிவிட்டுப் போக எனக்குத் தயக்கமாக இருப்பது இதனால்தான். அம்பத்தூரில் வீட்டு முன்னறையில் கடைசல் இயந்திரம் போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தயக்கம் புரியும். டெல்லியில் மாற்றம் கேட்டவர்கள் அந்தத் தெருவிலேயே இருந்தவர்கள். குத்தம்பாக்கத்தைச் சுற்றி மாற்றத்தைத் தள்ளுவது வெளியிலிருந்து வரும் தேவை.

அப்படியானால் ஊரை முழுசாகப் பார்த்து முடிவெடுக்கும் இடம் எது? அரசியல் சட்டத்தின் 74-ஆம் திருத்தம் பெருநகரங்களுக்குத் திட்டக் குழு ஒன்றைக் கேட்கிறது. அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்களை, அந்தப் பெருநகரப் பகுதியின் நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். சென்னையில் நடைமுறையில் திட்டமிடும் வேலை சி.எம்.டி.ஏ.விடம் இருக்கிறது; அதன் தலைவர் அமைச்சர். 2022 அக்டோபரில் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஐந்து மடங்கு நிலம், அதே மேசை.

கீழே கிராம சபை இருக்கிறது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு 2022 முதல் உலகத் தண்ணீர் தினமும் உள்ளாட்சிகள் தினமும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டம். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், நூறு நாள் வேலைக்கு அங்கே தீர்மானம் போடலாம். நில உபயோக மாற்றத்துக்கு அந்தத் தீர்மானம் சட்டப்படித் தேவையில்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்துக்காரர்கள் கிராம சபைதோறும் தீர்மானம் போட்டார்கள். அரசின் வேலை அதற்காக நிற்கவில்லை. பெருந்திட்டங்களுக்கு நிலத்தை ஒருங்கிணைக்க 2023-இல் கொண்டுவந்த சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்கு ஏரி, ஓடை உள்ள பரப்பையும் சேர்த்து எடுக்க வழிசெய்தபோது, விவசாயச் சங்கங்கள் கேட்டதும், ஊரின் சொல்லுக்கு எங்கே இடம் என்ற இதே கேள்வியைத்தான். விளிம்பிலுள்ள ஊராட்சிகள் ஒவ்வொன்றாக நகராட்சி, மாநகராட்சிகளோடு இணையும்போது கிராம சபை என்ற அந்த வலுவற்ற மேடையும் போய்விடும். ஆவடி 2019-இல் மாநகராட்சி ஆனது. அதன் எல்லை எங்கே நிற்கும் என்பது பூந்தமல்லிக்கு மேற்கே இருக்கும் எல்லா ஊர்களின் கேள்வி.

செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை, சட்டத் திருத்தம்கூட முதலில் வேண்டாம். நில உபயோக மாற்ற அறிவிப்பு நாளிதழில் வரும் நாளிலேயே ஊராட்சி அலுவலகப் பலகையிலும், நிலத்தின் முகப்பிலும், ரேஷன் கடைச் சுவரிலும், ஊர் வழங்கும் பெயரோடு ஒட்டப்படலாம்: “சர்வே எண் இன்னது, அதாவது ஏரிக்கரை ஆலமரத்துக்குக் கிழக்கே.” விண்ணப்பத்தோடு, அதே கிராமத்தில் கடந்த பத்தாண்டுகளில் மாற்றிய மொத்தப் பரப்பையும், அந்தப் பரப்பிலிருந்து நீர் எந்த வாய்க்காலுக்கு ஓடும் என்பதையும் ஒரு பக்கத்தில் இணைக்கலாம். அந்த ஒரு பக்கத்தைக் கிராம சபையில் வாசித்து, அங்கே பேசியதை அப்படியே எழுதித் தொழில்நுட்பக் குழுவுக்கு அனுப்பலாம். கேட்கவும் மறுக்கவும் அவர்களுக்கு உரிமை இருக்கட்டும். மறுத்தால் காரணம் எழுதட்டும்.

2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டம் இப்போது தயாராகிக்கொண்டிருக்கிறது. அதன் வரைவு வெளியானதும் பொதுமக்கள் கருத்துச் சொல்லச் சட்டப்படி ஓர் அவகாசம் வரும். வரைபடத்தில் குத்தம்பாக்கத்தைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது பேருந்து முனையத்தை ஒட்டிய சர்வே எண்களின் வண்ணம். அதற்கடுத்து, மேய்க்கால் என்று ‘அ’ பதிவேட்டில் இன்னும் இருக்கும் நிலத்துக்கு என்ன வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்பது.